மறு: அரசும் சமயமும் தனித்தனி – ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

க.: அன்பர்களே, அரசியல் அறிவியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘செப்பரேஷன் ஆஃப் சர்ச் அண்ட் ஸ்டேட்’ என்பதற்குச் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். ‘மதச்சார்பின்மை’ என்று எழுத வழியில்லை, அது அதே பக்கத்தில் செக்யூலரிசத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘திருச்சபை–அரசு பிரிவினை’ சரியாக வருமா?

செ.: வராது. பிரிவினை என்றாலே 1947 நினைவுக்கு வரும். திருச்சபையும் வேண்டாம். அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தில் (1791) சர்ச் என்ற சொல்லே கிடையாது, சமயம் என்றுதான் இருக்கிறது. சர்ச்சுக்கும் அரசுக்கும் நடுவே ‘மதில்’ என்ற உருவகத்தை, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் 1802இல் டான்பரி பாப்டிஸ்டுகள் என்ற கிறித்தவப் பிரிவினருக்கு எழுதிய கடிதம்தான் பரப்பியது. கோயிலும் பள்ளிவாசலும் குருத்வாராவும் உள்ள நாட்டுப் பிள்ளைகளுக்குத் திருச்சபை என்று எழுதினால், ‘இது நமக்கில்லை’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ‘அரசு–சமய விலகல்’ எனலாம்.

ந.: முதலில் மதமா, சமயமா என்று தீர்த்துக்கொள்வோம். மதம் என்றால் கொள்கை. நூலாசிரியர் பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது போன்ற நிலைகளைத்தான் நன்னூல் எழுவகை மதம் என்கிறது, அதில் சாமி ஏது, பூசை ஏது? சமயம், ‘அமை’யிலிருந்து ‘சமை’யாகி வந்த தூய தமிழ். மணிமேகலை சமயக்கணக்கரிடம் திறம் கேட்ட காதையை ஒருமுறை புரட்டுங்கள். அரசு எப்பக்கமும் சாயாத நிலைக்கு ‘நொதுமல்’ இருக்கிறது. ஆகவே ‘சமய நொதுமை’.

செ.: ஐயா, சமயம் வடமொழிச் சொல் என்பாரும் உண்டு, அந்தச் சண்டை இன்று வேண்டாம். அகப்பாட்டில் நொதுமலர் பெண் கேட்டு வரும் அயலார். அரசு சமயத்தைப் பெண் கேட்டா போகிறது?

ம.: நான் வகுப்பில் நிற்கிறவள். ‘விலகல்’ என்று எழுதினால் ‘யார் யாரை விட்டு விலகினார்கள் டீச்சர்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், விடை நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரான்சில் 1905 சட்டம் குருமார் சம்பளத்தையே நிறுத்தியது. ஆனால் அல்சாஸ், மொசேல் பகுதிகள் அப்போது ஜெர்மனியிடம் இருந்ததால் அங்கே இன்றும் அரசு சம்பளம் தருகிறது. நம் ஊரில்? ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென்று வரி கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது இந்திய அரசமைப்பின் உறுப்பு 27. அதே அரசமைப்பின் 290ஏ, 1956இல் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து வந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு ஆண்டுதோறும் 13,50,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்கிறது. கேரளம் கொடுக்க வேண்டியது 46,50,000. இதில் எது விலகல்? ‘பிரிப்பு’ போதும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

செ.: ‘அரசு சமயப் பிரிப்பு’ என்றால் அரசு சமயத்தைப் பிரிக்கிறது என்று ஆகிவிடுமே! இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரித்துப் பாருங்கள். கிறித்தவத் திருச்சபை பிளந்த கதை வரும் மார்ட்டின் லூதர் பாடத்தில் போய் உட்காரும்.

ம.: நடுவில் கோடு போட்டால் உம்மைத்தொகை.

ந.: கோட்டை வாயால் எப்படிப் படிப்பது?

க.: சரி, இன்று வியாழன். தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்தால் பெரும்பாலோர் ‘பிரிப்பு’ப் பக்கம். ‘அரசு–சமயப் பிரிப்பு’ என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் ‘அரசையும் சமயத்தையும் தனித்தனியே வைத்தல்’ என்று விரித்து எழுதிவிட்டேன். இந்தியப் பகுதியில் அந்தச் சொல்லையே போடவில்லை. 290ஏ இருக்கும்போது கை வரவில்லை, அங்கே மதச்சார்பின்மையே நிற்கட்டும்.

செ.: ஒரே கருத்துக்கு ஒரே பாடத்தில் இரண்டு சொல்லா? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

ம.: ஒரே கருத்து என்று யார் சொன்னது?

ந.: எழுவகை மதத்தில் கடைசி, ‘பிறிதொடு படாஅன் தன்மதம் கொளல்’, அதாவது பிறர் கருத்தோடு சேராமல் தன் கருத்தையே கொள்வது. நான் அதில் நிற்கிறேன். நொதுமை.