மறு: ஸ்பீக்கர் கூம்பின் ‘எக்ஸ்கர்ஷன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசையும் தூரத்தை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்கர்ஷன்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதன் தமிழைத் தேடுகிறோம். உங்கள் கேள்விகளை எடுத்துப்போட்டு, கீழே என் பதில்களை எழுதுகிறேன்.

> கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 30 வாட், உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 60 வாட். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கிட்டார் வாசித்தால் ஒன்றும் ஆகவில்லை, பேஸ் கிட்டாரைச் செருகினால் மட்டும் படபடவென்று அடிக்கிறது. இதை விளக்கத் தனியாக ஒரு சொல் வேண்டுமா?

வேண்டும். அந்தச் சொல் இல்லாததால்தான் எல்லோரும் வாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

ஸ்பீக்கர் பழுது பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ (coil) கருகி வரும் ஸ்பீக்கர் ஒரு வகை. காயில் தட்டி, கூம்பு கிழிந்து வருவது இன்னொரு வகை. முதலாவது வெப்பத்தால் வருவது. ஸ்பீக்கரின் பின்னால் அச்சிட்டிருக்கும் வாட் அளவு அடிப்படையில் அதைப் பற்றியதுதான்: இவ்வளவு மின்திறன் வரை காயில் சூட்டைத் தாங்கும் என்பது. கூம்பு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்த எண் சொல்லாது. பேஸ் கிட்டார் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியில்.

கிட்டாரின் மிகத் தடித்த கம்பி, வழக்கமான சுருதியில், ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். நான்கு கம்பி பேஸில் அது 41, ஐந்து கம்பி பேஸில் 31 வரை இறங்கும். கேட்பவருக்கு அதே ஒலியழுத்தம் கிடைக்க வேண்டும், ஆனால் அதிர்வெண் பாதி என்றால், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவற்றில் காயில் காந்த இடைவெளிக்குள் ஒழுங்காக அசையக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். பேஸுக்கென்றே செய்த இன்றைய ஸ்பீக்கர்களில் அது பல மில்லிமீட்டர்.

இதோடு பெட்டியின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. கிட்டார் ஆம்ப்களில் பல, பின்பக்கம் திறந்த பெட்டிகள். கூம்பின் பின்புறத்திலிருந்து எழும் அலை சுற்றி வந்து முன்புற அலையை, முக்கியமாகக் கீழ் அதிர்வெண்களில், தின்றுவிடும். வாசிப்பவருக்கு அடித்தொனி காதில் விழாது. உடனே வால்யூமைத் திருகுவார். மூடிய பெட்டியாக இருந்தால் உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில் போல நின்று கூம்பைத் தடுத்திருக்கும். திறந்த பெட்டியில் அந்தத் தடுப்பும் கிடையாது. வீட்டில் மெதுவாக வாசிக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாததும், மேடையில் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கப் போனவரின் ஸ்பீக்கர் கிழிவதும் இதனால்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> ‘வீச்சு’ போதாதா? பாடநூலில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். சைகையின் (மின் சிக்னலின்) ஆம்ப்ளிட்யூடுக்கு வீச்சு என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரே பத்தியில் சைகையின் வீச்சையும் கூம்பு அசையும் தூரத்தையும் சேர்த்துப் பேச வேண்டிவரும். ‘சைகையின் வீச்சு குறைவாக இருந்தும் வீச்சு எல்லை மீறியது’ என்று எழுதிப் பாருங்கள். எது எது என்று வாசகர் விழிப்பார்.

> ‘கூம்போட்டம்’?

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் காயிலில் மின்னோட்டம் வேறு ஓடுகிறதே. ‘கூம்பாட்டம்’ என்று எழுதியவருக்கும் ஒரு சொல்: பட்டறையில் ‘பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது’ என்றால் அது தேய்மானம், பழுது. இங்கே கூம்பு அசைவது அதன் வேலை.

அகராதியில் ‘எக்ஸ்கர்ஷன்’ என்றால் சிற்றுலா என்று பார்த்துவிட்டு ‘கூம்புலா’ என்று முன்மொழிந்த நண்பருக்கு என் வாக்கு இல்லை, ஆனால் இரண்டு நாளாக நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

என் பரிந்துரை ‘கூம்புப் பெயர்ச்சி’. டிஸ்பிளேஸ்மென்ட் என்பதற்கு நம் பாடநூல்களில் இடப்பெயர்ச்சி. இலங்கைப் பாடநூல்களிலும் அதுவே. ஆம்ப்ளிஃபயருக்கு இங்கே பெருக்கி, அங்கே விரியலாக்கி. ஃப்ரீக்வென்சிக்கு இங்கே அதிர்வெண், அங்கே மீடிறன் என்று பிரிந்து கிடக்கும் துறையில் இரு கரைக்கும் பொதுவான ஒரு வேர் கிடைத்தால் விடக்கூடாது.

> சனிப்பெயர்ச்சி மாதிரி இருக்கிறது ஐயா. பெயர்ந்தால் போய்விட்டதாகத்தானே பொருள்? கூம்பு திரும்பி வருகிறதே.

தம்பி, தனி ஊசலின் குண்டும் திரும்பித்தான் வருகிறது. அதற்கும் இடப்பெயர்ச்சி என்றுதான் படித்தோம். நடுநிலையிலிருந்து அந்த நொடியில் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே பொருள். சனியைப் பஞ்சாங்கக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சொல் நிற்குமா என்று பார்க்க, இந்தத் துறையின் வரலாற்றை அதை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே அதற்காக பேஸ்மேன் ஆம்பை விற்றது. முதலில் அதில் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். 1950களின் நடுவில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களாக, பின்பக்கம் திறந்த பெட்டியாக மாறியது. பெயரில்தான் பேஸ், அந்தக் கூம்புகளின் பெயர்ச்சி எல்லை கிட்டாருக்கே ஏற்றது. கிட்டார்காரர்கள் அதை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962-இல் உருவான ஜேடிஎம்45 என்ற கிட்டார் ஆம்ப் அந்த பேஸ்மேனின் மின்சுற்றை ஒட்டிச் செய்ததுதான். ராக் கிட்டாரின் ஒலி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி ஒரு பேஸ் ஆம்ப் வழியாக வந்தது.

எதிர்ப்பக்கம், பேஸுக்கென்றே செய்த ஆம்பெக் எஸ்விடி ஆம்ப், 1969. 300 வாட், பெட்டிக்கு எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள், மூடிய பெட்டி. பேஸுக்கு ஏன் பெரிய ஸ்பீக்கர் போடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. வேலையை எட்டுக் கூம்புகள் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றின் பெயர்ச்சியும் சிறிதாகிறது, அவ்வளவுதான். ‘வீச்சு’ என்று வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுத முயன்றால் சைகையைக் குறைத்தார்களோ என்று தோன்றிவிடும்.

பேஸ் ஆம்பில் கிட்டார் வாசிப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர்ச்சிச் சிக்கலே எழாது, எதுவும் கிழியாது. கிட்டார் ஸ்பீக்கரில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி தானாகவே குறைந்துவிடும். ட்வீட்டர் (உயர் அதிர்வெண்களுக்கான சிறு ஸ்பீக்கர்) வைத்த பேஸ் பெட்டியில் அந்த மேல் அதிர்வெண்களும் வெளியே வரும். டிஸ்டார்ஷன் (ஒலித்திரிபு) போட்டால் கொசு ரீங்காரம்தான். ட்வீட்டரை அணைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. திரிபில்லாத தெளிந்த ஒலிக்கு அந்தப் பெட்டிகள் எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்று. நம் விவாதத்தில் ‘பெருக்கி கிழிந்தது’ என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கிழிவது ஒலிபெருக்கி, அதாவது ஸ்பீக்கர். பெருக்கிக்கு பேஸ் சைகையால் பெரிதாக ஒரு கெடுதலும் இல்லை. கிட்டார் ஆம்பின் வெளியீட்டு மின்மாற்றி சிறியதாக இருந்தால் அடித்தொனி மெலியும், சீக்கிரம் திரியும், அவ்வளவே. கிட்டார் ஆம்பின் தலையை (ஸ்பீக்கர் இல்லாத பெருக்கிப் பகுதியை) மட்டும் கழற்றி, மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) பொருந்தும் பேஸ் பெட்டியில் இணைத்து வாசிக்கிறவர்கள் நிறையப் பேர். பெருக்கியும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் வரும் குழப்பம் இது. பதிவில் ஸ்பீக்கர், ஆம்ப் என்றே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.

ஆட்சேபம் இல்லாவிட்டால் பட்டியலில் இப்படி ஏற்றலாம்:

கூம்புப் பெயர்ச்சி: ஒலிபெருக்கியின் கூம்பு நடுநிலையிலிருந்து முன்னோ பின்னோ விலகும் தூரம். மில்லிமீட்டரில் சொல்வது வழக்கம்.

பெயர்ச்சி எல்லை: காயில் காந்த இடைவெளிக்குள் ஒழுங்காக அசையக்கூடிய பெரும விலகல், ஒரு பக்கத்துக்கு. இதைத் தாண்டியதும் முதலில் ஒலி திரியும். இன்னும் தள்ளினால் காயில் தட்டும்.

இரண்டாவதில் ‘பெரும’ என்பதற்குப் பதில் ‘உச்ச’ வேண்டுமென்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், அப்புறம் மாற்றுவது தலைவலி.

அன்புடன்