மூன்று சுவர் நடுவே அக்ரிலிக் டப்: மாட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

எடிசன், நியூஜெர்சி

எங்கள் வீடு 1960-களில் கட்டியது. மாடி பாத்ரூமில் ரோஸ் நிற இரும்பு டப் ஒன்று, எனாமல் பெயர்ந்து ஓரமெல்லாம் துருவேறிக் கிடந்தது. போன கோடையில் அதைப் பிடுங்கிவிட்டு அக்ரிலிக் மாட்டினோம். வார்ப்பிரும்பு டப் என்றால் 300 பவுண்டுக்கு மேல் வரும். அதை எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் ஏற்றுவதை நினைத்தாலே முதுகு வலித்தது. அக்ரிலிக்கை இரண்டு பேர் பேசிக்கொண்டே தூக்கிவிடலாம்.

அளவு எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். மூன்று சுவர் நடுவே உட்காரும் இந்த வகை டப் பெரும்பாலும் 60 அங்குல நீளம், 30 அல்லது 32 அங்குல அகலம். அந்த 60 என்பது மரச்சட்டத்துக்கும் (ஸ்டட்) மரச்சட்டத்துக்கும் இடையிலான அளவு. டைல்ஸ் மேலேயே டேப் பிடித்தால் 59-க்குக் கொஞ்சம் கூடக் குறையக் காட்டும், ‘நம் வீட்டுக்குப் பொருந்தாது’ என்று தோன்றும். சுவரைச் சட்டம் வரை உரித்த பிறகு அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். தண்ணீர் போகும் ஓட்டை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் டப்பைப் பார்த்தபடி வெளியே நின்று தீர்மானித்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

கடையில் யாரும் கேட்காத ஒரு கேள்வி நம் ஆட்களுக்கு முக்கியம்: டப் விளிம்பின் உயரம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் மாதக்கணக்கில் தங்குவார்கள். இங்கே பாத்ரூம் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது, அடியில் பிளைவுட். ஆகவே வாளியும் மக்கும் டப்புக்குள்ளேதான். முட்டி வலி உள்ளவர் தினமும் 20 அங்குலம் தாண்டிக் குதிப்பது எப்படி? தேடினால் 14, 15 அங்குலத்திலும் கிடைக்கிறது. ஆழ்ந்து படுத்துக் குளிக்க ஆசைப்படுபவர்களுக்கு அது பிடிக்காது, ஆனால் எங்கள் வீட்டில் அப்படிக் குளித்தவர் யாரும் இல்லை.

சுவர் திறந்திருக்கும்போதே ஸ்டட்களுக்கு நடுவில் குறுக்கே மரக்கட்டை அடித்துவிட்டோம், கைப்பிடி மாட்டுவதற்காக. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம். கைப்பிடி 250 பவுண்டாவது தாங்க வேண்டும் என்பது இங்கே பொதுக் கட்டிடங்களுக்கான விதிமுறை, வெறும் டைல்ஸில் திருகினால் அது நடக்காது. ரப்பர் உறிஞ்சியால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடியைப் பெரியவர்களை நம்பிப் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

ஸ்காபரோ

தம்பி உயரத்தைப் பற்றிச் சொன்னது நல்ல விஷயம். நான் இந்த வேலையே செய்கிறவன், அதனால் அடியில் இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்ரிலிக் டப் என்பது மெல்லிய தகடு, பின்னால் ஃபைபர்கிளாஸ் பூசியிருக்கும். காலை வைத்தால் கொஞ்சம் வளையும். வளைந்தால் கிறீச்சென்று சத்தம். அப்படியே வருடக்கணக்கில் வளைந்துகொண்டிருந்தால் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். ஒரு வீட்டில் குசினிக் கூரையில் கறை என்று கூப்பிட்டார்கள். டப்பைக் கழற்றிப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. முன்பு செய்தவர் நாலு காலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

முதலில் டப்பைச் சும்மா உள்ளே வைத்து, ரசமட்டம் பிடித்து, சுவரோரம் நிற்கும் விளிம்பின் அடியை ஸ்டட்களில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். டப்பை வெளியே எடுத்து, அந்தக் கோட்டில் நீள மரச்சட்டம் ஒன்றைத் திருகுங்கள். டப்பின் பின்விளிம்பு அதன் மேல்தான் உட்கார வேண்டும். பிறகு தரையில் கெட்டியாகக் குழைத்த சாந்தைக் கும்பல் கும்பலாகப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, டப்பை இறக்கி, விளிம்பு சட்டத்தில் உட்காரும்வரை அழுத்துங்கள். இட்லி மாவு மாதிரி தளதளவென்று இருந்தால் பரவி ஓடிவிடும், தாங்காது. இறுகும்வரை, அதாவது மறுநாள் வரை, யாரும் உள்ளே ஏறக்கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் கதவைப் பூட்டிவிடுங்கள்.

ஆனால் எல்லா டப்புக்கும் சாந்து என்று இல்லை. சில கம்பெனிகள் கட்டாயம் என்கின்றன, சில வேண்டாம் என்கின்றன, சிலதில் அடியிலேயே தாங்கி வைத்துத் தருகிறார்கள். பெட்டியில் வரும் காகிதத்தைப் படியுங்கள், அதை மீறினால் வாரண்டி போய்விடும். ஊதிப் பெருக்கும் ஸ்பிரே ஃபோமை அடிக்காதீர்கள். அது பெருக்கும்போது டப்பையே தூக்கிவிடும், அப்புறம் எடுத்த ரசமட்டம் எல்லாம் வீண்.

எடிசன், நியூஜெர்சி

எங்கள் டப்பின் காகிதத்தில் சாந்து போடச் சொல்லியிருந்தது, போட்டோம். இன்றுவரை சத்தம் இல்லை. சிமெண்ட் போர்டை (டைல்ஸ் ஒட்ட ஸ்டட் மேல் அடிக்கும் பலகை) சுவரோர விளிம்புக்கு மேலே நிறுத்துவதா, விளிம்பை மூடி இறக்குவதா என்றுதான் மாமனாருக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம்.

ஸ்காபரோ

விளிம்பை மூடி இறக்குங்கள், ஆனால் டப்பின் மேல்தளத்தைத் தொடாமல் கால் அங்குலம் விடுங்கள். தொட்டால் போர்டு தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். விளிம்பின் தடிப்பால் போர்டு வெளியே தள்ளினால், ஸ்டட் மேல் மெல்லிய பட்டை அடித்துச் சமப்படுத்தலாம். டைல்ஸும் டப்பும் சேரும் இடத்தில் கிரவுட் (டைல்ஸ் இடைவெளியில் அடைக்கும் சிமெண்ட் பூச்சு) வேண்டாம், சிலிகான் மட்டும். பச்சை நிற ட்ரைவால் (ஜிப்சம் சுவர்ப்பலகை) ஈரத்தைத் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டப் சுவரில் டைல்ஸ் ஒட்ட அது ஆகாது.

டல்லாஸ் பக்கம்

உங்களுக்கெல்லாம் மரத்தரை, கீழே இறங்கிப் பார்க்க வழி உண்டு. எங்கள் டெக்சாஸ் வீடு நேராகக் கான்கிரீட் பலகை மேல் நிற்கிறது. பழைய டப்பை எடுத்தபோது அடியில் கான்கிரீட்டில் ஒரு சதுரப் பள்ளம், உள்ளே மண்ணும் டிராப்பும் (ஓட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கும் வளைவுக் குழாய்). வீடு கட்டும்போதே குழாய்க்காக இப்படி விட்டுவிடுவார்களாம். கரையான் உள்ளே வருவதற்கும் அதுவே ராஜபாட்டை என்று பூச்சி மருந்து அடிப்பவர் சொன்னார். மருந்து அடித்து, குழாயைச் சரிபார்த்த பிறகே டப்பை வைத்தோம்.

புது டப்பின் ஓட்டை பழையதிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியிருந்தது. பள்ளத்துக்குள் இடம் இருந்ததால் டிராப்பைத் திருப்பிச் சேர்த்துவிட்டார் பிளம்பர். இடம் இல்லாதவர்கள் கான்கிரீட் உடைக்க வேண்டிவரும், அதற்குத் தனி விலை. டப் வாங்கும் முன் ஓட்டை சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

மிசிசாகா

நாங்கள் காண்டோவில் (அடுக்குமாடி வீடு) இருக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் கூரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் கதை முடிந்தது. அதனால் கசிவுச் சோதனையில் கஞ்சத்தனம் செய்யவில்லை. ஓவர்ஃப்ளோ ஓட்டை (தண்ணீர் மிஞ்சினால் வெளியேற டப்பின் மேல்பக்கத்தில் இருப்பது) வழியாக வழியும் அளவுக்கு நிரப்பி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் மொத்தமாகத் திறந்துவிட்டோம். பின்பக்கச் சுவர்த் திறப்பில் டார்ச்சோடு ஒருவர். ஓவர்ஃப்ளோவின் ரப்பர் வளையம்தான் கசிந்தது, வெறும் தண்ணீரை ஓடவிட்டிருந்தால் தெரிந்தே இருக்காது.

சிலிகான் போடும்போதும் டப் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். 150 லிட்டர் என்றால் 150 கிலோ, டப் கொஞ்சம் இறங்கும். காலியாக இருக்கும்போது பூசினால் முதல் குளியலிலேயே பிரிந்துவிடும். காயும்வரை தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்.

எடிசன், நியூஜெர்சி

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பற்றி யாராவது சொல்லுங்களேன். அக்ரிலிக்கில் நல்லெண்ணெய் விழுந்தால் நிற்கவே முடியவில்லை.

மிசிசாகா

வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும், தேய்க்கும் பவுடர் வேண்டாம், கீறல் விழும். அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள், பளபளப்பு போய்விடும். எண்ணெய் தேய்த்துக்கொள்பவரை டப்புக்குள் நிற்கவிடாமல் குளியல் ஸ்டூலில் உட்கார வையுங்கள். கண்ணாடிக் கதவு போடும் எண்ணம் இருந்தால் பெரியவர்கள் வரும் வீட்டில் வேண்டாம். கதவு ஓடும் தண்டவாளம் விளிம்பில் இருப்பதால் அங்கே உட்கார்ந்து காலை உள்ளே எடுக்க முடியாது. திரைச்சீலையே வசதி.