‘ஆச்சி வீடு’ குரூப்: அம்மா ஜப்பான்ல வெந்நீர் ஊத்துக்குப் போன கதை

சனிக்கிழமை

11:48 அக்கா: வந்து சேந்தாச்சு. டோக்கியோவுல இருந்து கொமாச்சி ரயில்ல தசாவாகோ வரைக்கும் மூணு மணி நேரம் கிட்ட. அங்க இருந்து மலை மேல பஸ்ல முக்கா மணி நேரம். ஊர் பேரு நியூட்டோ ஆன்சென், அகிடா மாகாணம். ஆன்சென்னா வெந்நீர் ஊத்து.

11:48 அக்கா: 📷 படம்

11:52 சித்தி: என்னட்டி மரமெல்லாம் இப்படி மஞ்சளா இருக்கு. நிசமா, ஃபில்டரா?

11:53 அக்கா: நிசந்தான் சித்தி. ‘புனா’ன்னு ஒரு மரம், காடு பூரா அதுதான். அக்டோபர்ல இப்படி ஆயிரும்.

11:55 மாமா: எக்கா எங்க? எக்காவப் பேசச் சொல்லு

11:56 அம்மா: 🎤 குரல் செய்தி 0:41

11:58 மாமா: கடைல ஆளு நிக்குது, கேக்க முடியாது. யாராச்சும் டைப் பண்ணுங்க

11:59 நான்: பஸ் கதவு திறந்ததுமே அழுகின முட்டை நாத்தமாம். சைவச் சாப்பாடு கிடைக்கும்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து இங்க கொண்டு விட்டுட்டாவன்னு அம்மா புலம்புதாவ

12:01 அத்தான்: முட்டை இல்லை 😄 கந்தக ஊற்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்ச நேரத்துல மூக்குக்குப் பழகிடும் அத்தை. சேலைல இருந்துதான் சீக்கிரம் போகாது.

12:22 அக்கா: இந்த மலையில மொத்தமே ஏழு விடுதிதான். தோவாடா ஹச்சிமன்தாய் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கு. சுத்தி கடை கண்ணி ஒண்ணும் கிடையாது. ரூம்ல கட்டில் இல்ல, பாய் விரிச்ச தரைதான். குட்டை மேசை ஒண்ணு, டீ போட வெந்நீர். நாம ராத்திரி சாப்பிடப் போகும்போது ஆள் வந்து மெத்தை விரிச்சிருவாங்களாம். வாசல்லயே ஷூவக் கழட்டிரணும். வராண்டாவுக்கு ஒரு செருப்பு, கக்கூசுக்கு வேற செருப்பு, பாய் மேல வெறுங்கால். அம்மா கக்கூஸ் செருப்போடயே ரூம் வரைக்கும் வந்துட்டாவ.

12:24 அம்மா: எனக்கு என்ன தெரியும், ரெண்டும் ஒரே மாதிரிதான இருந்துச்சு

12:41 அக்கா: இப்ப ஒரு பஞ்சாயத்து. வெள்ளி நகையக் கழட்டிட்டுத்தான் தண்ணில இறங்கணும்னு குளிக்கிற இடத்துல எழுதிப் போட்டிருக்கு. கறுத்துருமாம். அம்மா மெட்டியக் கழட்ட மாட்டேங்காவ.

12:42 சித்தி: கழட்டக் கூடாதுட்டி!

12:43 மாமா: தங்கத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்லா? தாலிச் செயின் எக்கா கழுத்துலதான இருக்கு

12:45 அத்தான்: சுத்தத் தங்கம் கறுக்காது மாமா. நம்ம 22 காரட்ல வெள்ளி, செம்பு கலந்திருக்கும், அதனால லேசா நிறம் மங்கலாம். வெள்ளிதான் கந்தகம் பட்டதும் கறுக்கும்.

12:47 அப்பா: கழட்டி வச்சிட்டு குளி. நான் நல்லாத்தான் இருக்கேன்

12:47 சித்தி: 😂😂😂😂

12:49 அம்மா: நீங்க மத்தியான மாத்திரையப் போட்டியளா

12:49 அப்பா: போட்டாச்சு

12:50 நான்: போடல. இப்பத்தான் எடுத்துக் குடுக்கேன்

13:05 மாமா: எனக்கு ஒரு சந்தேகம். குத்தாலத்துல மாதிரி எண்ணெய் தேச்சிட்டு இறங்கலாமா?

13:07 அக்கா: மாமா, கொன்னே போட்டுருவாங்க. முதல்ல ஒரு குட்டி ஸ்டூல்ல உக்காந்து, சோப்புப் போட்டு, தலை முதல் கால் வரை கழுவி, நுரை ஒரு பொட்டு இல்லாம அலசணும். அப்புறந்தான் தொட்டிக்குள்ள கால் வைக்கணும்.

13:08 மாமா: குளிச்சிட்டுத்தான் குளிக்கணுமா?

13:09 அக்கா: ஆமா. தொட்டில அழுக்குத் தேய்க்கிற வேலை கிடையாது, சும்மா கழுத்து வரைக்கும் முங்கி உக்காந்திருக்கணும். துணி ஒண்ணும் கூடாது. சின்னத் துண்டு குடுப்பாங்க, அதையும் தண்ணில முக்கக் கூடாது. மடிச்சுத் தலை மேல வச்சுக்கிடணும். நீளத் தலைமுடிய அள்ளி முடிஞ்சிரணும்.

13:10 சித்தி: துணி இல்லாமயா!! எக்கா போவாளா?

13:11 அம்மா: பொம்பளைகளுக்குத் தனி இடம். எல்லாரும் பொம்பளைகதான. அதெல்லாம் ஒண்ணுமில்ல. மெட்டிதான் யோசனையா இருக்கு

13:20 மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

13:21 சித்தி: என்னத்தடா அழிச்ச

13:22 மாமா: இந்தத் தண்ணில குளிச்சுத்தான் ஜப்பான்காரன் நூறு வயசு வாழுதான்னு ஒரு ஃபார்வர்டு. மாப்பிள்ளை ஆதாரம் கேப்பாருன்னு எடுத்துட்டேன்

13:26 அத்தான்: 🙏 ஆதாரம் உள்ளது ஒண்ணு சொல்றேன். ஆன்சென்னு யாரும் இஷ்டத்துக்குப் பேர் வச்சுக்க முடியாது. 1948லயே சட்டம் போட்டிருக்காங்க. ஊத்துத் தண்ணி 25 டிகிரிக்குக் குறையாம இருக்கணும், இல்லன்னா சட்டத்துல சொன்ன 19 பொருள்ல ஒண்ணாவது தேவையான அளவு இருக்கணும். குளிக்கிறதுக்குத் தனி வரியும் உண்டு, பொதுவா ஆளுக்கு 150 யென்.

13:27 மாமா: குளிக்க வரியா. நம்ம ஊர்ல சொல்லிராதிங்க

14:35 அக்கா: குளிச்சாச்சு. மெட்டியோட.

14:36 அம்மா: 📷 படம்

14:36 சித்தி: ஐயோ கன்னங்கரேல்னு ஆயிட்டு!

14:37 அம்மா: ஆகிட்டுப் போகட்டும். தண்ணி பால் கணக்கா இருக்கு, உள்ள இறங்கினா நம்ம காலே நமக்குத் தெரியல. முட்டி வலி தெரியாம இருபது நிமிசம் இருந்தேன். இவதான் தலை சுத்தும் ஏறுங்கன்னு இழுத்துட்டு வந்துட்டா

14:39 சித்தி: மெட்டிய விபூதி போட்டுத் தேயி, போயிரும்

14:40 அம்மா: திருச்செந்தூர் விபூதி கைப்பைல இருக்கு. சாப்பிட்டு வந்து தேய்க்கணும்

14:43 அத்தான்: டோக்கியோ போனதும் அலுமினியத் தாள்ல வச்சு, வெந்நீர் ஊத்தி, சமையல் சோடா போட்டா போதும் அத்தை. வெள்ளில இருக்கற கந்தகம் அலுமினியத்துக்குப் போயிடும். தேய்க்கவே வேண்டாம்.

14:44 அம்மா: விபூதியே போதும் மாப்பிள்ளை

16:18 அக்கா: சாப்பாடு முடிஞ்சுது. அத்தை, சித்தி, எல்லாரும் கேட்டுக்கோங்க. சைவம்னா ரூம் போடும்போதே சொல்லிரணும். இங்க வந்து ‘நோ மீட், நோ ஃபிஷ்’னு சொன்னா ஒண்ணும் நடக்காது. கறி, மீன் தட்டுல இல்லைன்னாலும் டாஷிக்குள்ள இருக்கும். குழம்பு, சூப்பு, கீரை, டோஃபு எல்லாத்துக்கும் அடியில அந்தச் சாறுதான். அதுல கட்சுவோன்னு காய வச்ச மீனைச் சீவிப் போடுவாங்க. ‘கடல்பாசியும் காளானும் போட்ட சாறு மட்டும் போதும்’னு இவரு ஜப்பானிய மொழில எழுதிக் கேட்டு, முடியும்னு பதில் வந்தப்புறந்தான் பணம் கட்டினோம். எல்லா விடுதியும் ஒத்துக்காது.

16:20 அத்தை: அண்ணி என்ன சாப்பிட்டாவ?

16:24 அக்கா: மாய்தாகே காளான் டெம்புரா, மலைக்கீரை, டோஃபு, சோறு. சோறு அகிடாகொமாச்சி அரிசி, கொஞ்சம் ஒட்டும். அம்மா மூணு கிண்ணம் வாங்கினாவ. அப்புறம் இபுரிகாக்கோன்னு முள்ளங்கி ஊறுகா. இங்க மழையும் பனியும் சீக்கிரம் ஆரம்பிச்சிரும், வெயில்ல காய வைக்க முடியாது. அதனால அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டு, புகையில காய வச்சு, அப்புறம் தவிட்டுல ஊறப்போடுதாங்க. அம்மா எம்பங்கையும் தின்னுட்டாவ.

16:26 அம்மா: பருப்புப் பொடி எடுக்கவே இல்ல. ஊறுகா எங்க விக்கும்னு மாப்பிள்ளைட்ட கேக்கச் சொல்லிருக்கேன்

16:30 அப்பா: நான் இங்க ரவை உப்புமா

ஞாயிற்றுக்கிழமை

05:40 அக்கா: கண்ணு முழிச்சுப் பாத்தா அம்மாவக் காணோம். நெஞ்சு பதறிட்டு. தனியா விடிய முன்னாடியே குளிக்கப் போயிருக்காவ.

05:52 அம்மா: மெட்டிதான் கறுத்தாச்சே. இன்னொரு வாட்டி இறங்கினா என்ன குறைஞ்சு போகும்

05:54 சித்தி: கரடி கிரடி இருக்கப் போகுது!

05:57 அத்தான்: இருக்கு. அகிடாவுல கருங்கரடி உண்டு. காட்டுப் பாதைல நடக்கிறவங்க பைல மணி கட்டிக்குவாங்க. அத்தை போனது விடுதிக்குள்ளேயே, பயப்படாதீங்க.

10:15 அக்கா: இங்க தங்கினவங்க ஒரு சீட்டு வாங்கிக்கிட்டா ஏழு விடுதிலயும் குளிக்கலாம். சுருனோயு போயிட்டு வந்தோம், இருக்கறதுலயே பழசு. 1638ல அகிடா பிரபு சதாகே யோஷிதாகா வந்து தங்கியிருக்காரு. கூட வந்த காவல்காரங்க இருந்த ஓலைக்கூரை வரிசை வீடு இன்னும் இருக்கு, அதுலயும் ரூம் விடுதாங்க. அடிபட்ட நாரை ஒண்ணு அந்தத் தண்ணில நின்னு காயத்த ஆத்திக்கிட்டதை வேட்டைக்காரன் பாத்தானாம், அப்படித்தான் ஊத்து தெரிய வந்துச்சுன்னு கதை. வெளில இருக்கற பெரிய குளத்துல ஆணும் பொண்ணும் சேந்து குளிக்கலாம். நாங்க பொம்பளைங்க பக்கத்துலயே இருந்துக்கிட்டோம்.

10:22 மாமா: சரி முடிவாச் சொல்லு. நாங்க பிப்ரவரில பனி பாக்க வரலாம்னு இருக்கோம். இங்கயே மூணு ராத்திரி போடவா?

10:27 அக்கா: ஒரு ராத்திரி பத்தாது, மூணு உங்களுக்கு ஆகாது மாமா. ரெண்டு போடுங்க. உங்களால சும்மா இருக்க முடியாது, ‘அடுத்து எங்க’ன்னு கேப்பீங்க. இங்க அடுத்துன்னு ஒண்ணு கிடையாது. குளி, தின்னு, தூங்கு, மறுபடி குளி. அதுக்குத்தான் காசு. ராத்திரிச் சாப்பாடு, காலைச் சாப்பாடு சேத்து ஆளுக்கு 20,000 யென் பக்கம் ஆயிரும். ரூமுக்கு இல்ல, ஆளுக்கு. சனிக்கிழமைன்னா கூட. ஏழுல குரோயு விடுதியப் பனிக்காலத்துல பூட்டிருவாங்க.

10:29 மாமா: அத்தைக்குக் கைல பச்சை குத்தியிருக்கே. உள்ள விட மாட்டாங்கன்னு யாரோ சொன்னாவ

10:33 அத்தான்: நிறைய இடத்துல விட மாட்டாங்க மாமா. இங்க பச்சைன்னா யகுசா ரவுடிகளோட சேத்துப் பாத்த பழக்கம். சில விடுதில மேல பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டா சரிம்பாங்க. இல்லன்னா ஒரு குடும்பம் மட்டும் மணிக்கணக்குல எடுத்துக்கற தனிக் குளியல் அறை இருக்கான்னு பாக்கணும். எங்க தங்கறோமோ அங்க முன்னாடியே கேட்டுடலாம்.

10:36 அத்தை: எங்க ஆச்சி குத்திவிட்ட கோலத்தைப் பாத்து ரவுடின்னு நினைப்பானா 😂 பிளாஸ்டர் ஒட்டிக்கிடுதேன். மெட்டிய வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வாரேன். உங்க மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது

10:37 மாமா: ஏட்டி இது என்ன பேச்சு

10:37 அப்பா: 👍