பாகற்காய் பிடிக்குதா, இல்ல பழகிடுச்சா?

கோவில்பட்டிக்காரன்:
நாப்பது வயசுக்கு மேல எனக்கு பாகற்காய் பிடிச்சுப்போச்சுங்க. வட்டவட்டமா நறுக்கி, உப்பு போட்டு பிழியாம அப்படியே வறுத்தா ஒரு தட்டு நானே காலி பண்ணிருவேன். தம்பி என்னடான்னா "இது ருசி இல்லண்ணே, வெறும் பழக்கம்"ங்கிறான். ரெண்டும் வேறயா?

சுண்டக்காவத்தல்:
தம்பி சொல்றது கரெக்ட். பொறந்த குழந்தை நாக்குல சீனித்தண்ணி வெச்சா சப்புக்கொட்டும், கசப்பு வெச்சா மூஞ்சிய சுளிக்கும், அதுக்கு யாரும் சொல்லித்தரல. காபி, பீர் எல்லாம் நாமளா நாக்க மிரட்டி பழக்கினது. மொத வாய் பீர் நல்லாருந்துச்சுன்னு சொன்னவன் பொய் சொல்றான்.

மிளகுரசம்:
அப்ப மிளகாய்? போர்ச்சுகீசியர் வந்தப்புறம்தான் அது நம்ம ஊருக்கே வந்துச்சு, அதுவரைக்கும் காரத்துக்கு மிளகுதான், அதனாலதான் பேரே மிளகாய்! அறுசுவைல காரத்த சேத்துட்டோம், ஆனா அது சுவையே இல்ல, சூடு பட்டா எந்த நரம்பு கத்துமோ அதேதான் மிளகாய்க்கும் கத்துது. கண்ணுல தண்ணி வழிய இன்னொரு கரண்டி ஊறுகாய் கேக்குறவன்கிட்ட போய் "உனக்கு இது பிடிக்கல, பழகிடுச்சு"ன்னு சொல்லிப்பாருங்க.

சுண்டக்காவத்தல்:
பிடிக்கலன்னு நான் எங்கங்க சொன்னேன்? கூடப்பொறந்த ருசி வேற, பழகின ருசி வேறன்னேன். கூடப்பொறந்தது மாறாது.

டிகாஷன்மாமி:
ஏன் மாறாது? டாக்டர் சொன்னார்னு எட்டு மாசமா காபில சக்கரை போடறதில்ல. மொத ரெண்டு வாரம் கஷாயம். போன வாரம் பக்கத்தாத்துல ரெண்டு ஸ்பூன் போட்டு குடுத்தா, பாயசம் மாதிரி இருந்தது, பாதிதான் உள்ள போச்சு. பழகப் பழக பாலும் புளிக்கும்னு சும்மாவா சொன்னா.

சுண்டக்காவத்தல்:
சரி மாமி, அது பாயிண்ட்தான். ஆனா 1931ல ஃபாக்ஸ்னு ஒரு அமெரிக்க கெமிஸ்ட், லேப்ல பிடிசிங்கற பொடி பறந்தப்ப பக்கத்துல இருந்தவர் கசக்குதுங்கிறார், இவருக்கு ஒண்ணுமே தெரியல. கடைசில பாத்தா அது பரம்பரை விஷயம். நாக்கே ஆளுக்கு ஆள் வேற, இதுல பழக்கம் என்ன பண்ணும்?

மிளகுரசம்:
பிடிசிய யாரு பொரியல் பண்றா? பாகற்காய்ல கசக்குறது வேற பொருள் சாமி.

கோவில்பட்டிக்காரன்:
தம்பிகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். வெல்லம் போட்ட பாகற்காய் புளிக்குழம்ப மட்டும் ரெண்டாந்தடவ வாங்கி ஊத்திக்கிறியேடா, அது எந்தக் கணக்குன்னு கேட்டா, "அதுல ருசி வெல்லம், பாகற்காய ஓரமா ஒதுக்கிருவேன்"ங்கிறான். ஒதுக்கினத எல்லாம் நான்தான் தின்னுட்டு இருந்திருக்கேன்.