எல்1 முதுகெலும்பு நசுங்கல்: பெல்ட்டா, சிமெண்டா?

தாமரைக்குளம்: அம்மாவுக்கு வயது 68. குடத்தைத் தூக்கும்போது நடுமுதுகுக்குக் கீழே சுளீரென்று பிடித்தது, விழவில்லை. எக்ஸ்ரேயில் எல்1, அதாவது இடுப்புப் பகுதியின் முதல் முதுகெலும்பு, முன்பக்கம் 30 சதவீதம் நசுங்கியிருக்கிறது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா சோதனையில் டி-ஸ்கோர் -2.9, எலும்பு ரொம்ப மெலிந்திருக்கிறதாம். மூன்று வாரமாகிறது, வலி பாதி குறைந்திருக்கிறது. கால் மரத்துப்போகவில்லை. ஒரு டாக்டர் சிமெண்ட் ஊசி என்கிறார், இன்னொருவர் பெல்ட் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நெட்டெலும்பு: முதலில் எம்ஆர்ஐ எடுத்தாச்சா? எக்ஸ்ரேயில் உயரம் குறைந்தது தெரியும், எப்போது குறைந்தது என்று தெரியாது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய நசுங்கலும் அதே மாதிரிதான் இருக்கும். எம்ஆர்ஐயில் எலும்புக்குள் நீர்க்கோப்பைக் காட்டும் 'ஸ்டிர்' வகைப் படத்தில் அந்த எலும்பு வெள்ளையாக மின்னினால் புது முறிவு.

குடம் தூக்கியதற்கே எலும்பு நசுங்கினால் வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்கணும். நம்ம ஊரில் டிபியை மறக்கக் கூடாது: அது பெரும்பாலும் நடுவில் உள்ள டிஸ்க்கையும் அடுத்த எலும்பையும் சேர்த்து அரிக்கும். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ஹீமோகுளோபின், ஈஎஸ்ஆர், கிரியேட்டினின், கால்சியம், சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபொரெசிஸ். ராத்திரி படுத்தாலும் குறையாத வலி, காய்ச்சல், எடை இறக்கம் இருந்தால் இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். சிறுநீர் அடைத்தாலோ, தன்னையறியாமல் கசிந்தாலோ, கால் தளர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஊசிமுனை: சிமெண்ட் என்பது பிஎம்எம்ஏ, நசுங்கிய எலும்புக்குள் ஊசியால் செலுத்தினால் இறுகிவிடும் ஒரு பிளாஸ்டிக் பசை. 1984இல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கிய முறை. 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் போட்டவர்களுக்கும் போடுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. 2016இல் ஆறு வாரத்துக்குட்பட்ட கடும் வலிக்காரர்களிடம் பலன் தெரிந்ததாக ஒரு ஆய்வு வந்தது. 2018இல் வந்த இன்னொன்று அதையும் ஆதரிக்கவில்லை. அதனால் என் கணக்கு இது: மாத்திரை போட்டும் உட்காரவே முடியாதவர், ஸ்டிர் வெள்ளை, ஆறு வாரத்துக்குள். இந்த மூன்றும் சேர்ந்தால் யோசிக்கலாம். உங்க அம்மாவுக்கு வலி தானாகவே இறங்கிவருகிறது. இப்போது அவசரமே இல்லை.

பற்பசைப் பதம் வருமுன் தண்ணியாகச் செலுத்தினால் சிமெண்ட் சிரைக்குள் போய் நுரையீரல் வரை ஓடலாம். எலும்பின் பின்சுவர் உடைந்திருந்தால் தண்டுவடப் பக்கம் கசியலாம்.

நடைபழகு: பெல்ட் என்றதும் கடையில் விற்கிற எலாஸ்டிக் இடுப்பு பெல்ட்டை வாங்கிவிடாதீர்கள், எல்1க்கு அது எட்டாது. முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் கட்டமைப்புள்ள டெய்லர் பிரேஸ் அல்லது ஏஎஸ்ஹெச் பிரேஸ் கேளுங்கள். ஏஎஸ்ஹெச் மார்பெலும்பு, அடிவயிற்றின் கீழ் எலும்பு, முதுகு என மூன்று இடத்தில் அழுத்தி முன்னால் குனியவிடாது. உட்காரும்போது கீழ்ப்பட்டை தொடையில் குத்தினால் அளவு தப்பு. உள்ளே பருத்தி பனியன், படுக்கும்போது கழற்றலாம். 6 முதல் 12 வாரம் போதும், அதற்கு மேல் முதுகுத் தசை சோம்பிவிடும்.

படுக்கை ஓய்வு இரண்டு மூன்று நாள்தான். எழும்போது முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக உருண்டு, பக்கவாட்டில் படுத்துக் கையை ஊன்றி எழணும். கட்டைத் துடைப்பம், குனிந்து கோலம், தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது எல்லாம் நிற்கட்டும். 1984 ஆய்வு ஒன்றில், குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புது நசுங்கல். முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். டிராமடால் என்ற வலி மாத்திரை தந்தால் மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து கேளுங்கள். முக்கினால் முதுகுதான் வாங்கும்.

நெட்டெலும்பு: பெல்ட்டா சிமெண்டா என்றே பேசி, எலும்புக்கு மருந்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு நசுங்கல் வந்தால் ஒரு வருஷத்துக்குள் அடுத்தது வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. முதலில் வைட்டமின் டி அளவு பார்த்துச் சரிசெய்யணும். அது குறைவாக இருக்கும்போது, எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரானிக் ஊசி போட்டால் ரத்தக் கால்சியம் சரியும். அந்த ஊசி 5 மில்லிகிராம், வருஷத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் வடிகட்டும் அளவு (கிரியேட்டினின் கிளியரன்ஸ்) நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழ் என்றால் கூடாது. புது எலும்பு வளரச் செய்யும் டெரிபாராடைட் ஊசியும் உண்டு, தினமும் 20 மைக்ரோகிராம், இந்த நிலைக்கு நல்ல மருந்து, விலைதான் கடிக்கும். எலும்பு கரைவதைத் தடுக்கும் டெனோசுமாப் என்ற இன்னொரு ஊசியைத் தொடங்கினால் ஆறு மாத ஊசியைத் தவறவிடாதீர்கள், நிறுத்தினால் பல எலும்புகள் ஒரேயடியாக நசுங்கலாம்.

தாமரைக்குளம்: டாக்டர் எலும்புக்கு அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை, வாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறார். காலைக் காபியோடு தரலாமா?

நெட்டெலும்பு: கூடாது. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர். அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். அவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார முடிகிற வரைக்கும் இந்த மாத்திரையே வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். காபியும் கால்சியம் மாத்திரையும் அதற்கப்புறம்தான்.