களிமண் தரையில் ஆமை அடைப்பு: தண்ணீர் தேங்காமல் எப்படிக் கட்டுவது?

ஈரமண்
வணக்கம் நண்பர்களே. 15 செ.மீ. ஓடுள்ள இரண்டு நில ஆமைகளுக்கு 4 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் திறந்தவெளி அடைப்பு கட்ட வேண்டும். தரை சுத்தக் களிமண். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒருமுறை தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பார்த்ததில் மணிக்கு 1 செ.மீ. கூட இறங்கவில்லை. 20 செ.மீ. தோண்டி ஜல்லி கொட்டி, மேலே நல்ல மண் பரப்பினால் போதுமா? சுவர் எவ்வளவு உயரம் வேண்டும்?

வாட்டம்
தயவுசெய்து தோண்டாதீர்கள். களிமண்ணில் பள்ளம் பறித்து ஜல்லி போட்டால் கிடைப்பது வடிகால் அல்ல, தொட்டி. சுற்றியுள்ள தரையின் தண்ணீரும் அதில் வந்து சேரும், வெளியேற வழி இருக்காது. இன்னொன்று, பொடி மண்ணுக்கு நேர் கீழே ஜல்லி இருந்தால், மேல் மண் முழுக்க ஊறிச் சொதசொதத்த பிறகுதான் நீர் ஜல்லிக்குள் இறங்கும். ஆமை நடப்பதும் படுப்பதும் அந்த ஊறிய மண்ணில்தான். ஈரமும் குளிரும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று வரும். அடிப்பக்க ஓடு நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் அழுகும்.

உங்கள் தரைக்கு மேடேற்றுவதுதான் சரி. முதலில் இருக்கும் களிமண்ணையே நீளவாக்கில் மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் வரும்படி சீவுங்கள். 4 மீட்டருக்கு 8 செ.மீ. இறக்கம். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். அதன்மேல் 25 செ.மீ. மண். கணக்குக்கு 3 கன மீட்டர், ஆனால் தளர்ந்த மண் அமுங்கும் என்பதால் 3.6 வரை தேவைப்படும். இரண்டு பங்கு செம்மண் அல்லது தோட்ட மண்ணுக்கு ஒரு பங்கு கரட்டு மணல். 10 செ.மீ. பரப்பி, லேசாக நனைத்து, மிதித்து, அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டினால் பிறகு அங்கங்கே அமுங்கிக் குழி விழும். இருக்கும் களிமண்ணோடு கொஞ்சம் மணலைக் கலந்து சரிக்கட்டப் பார்க்காதீர்கள், காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும்.

தாழ்ந்த பக்கம், சுவருக்கு வெளியே, 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழத்தில் வடிகால் வெட்டுங்கள். உள்ளே ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, 5 செ.மீ. உயரத்துக்கு 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 110 மி.மீ. துளையிட்ட பிவிசி குழாய், துளைகள் கீழ்நோக்கி. மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம். மீதியை ஜல்லியால் நிரப்பித் துணியை மேலே மடித்து மூடுங்கள். துணி இல்லாவிட்டால் நுண்மண் புகுந்து குழாய் அடைத்துக்கொள்ளும். குழாயின் முனை தாழ்வான இடத்தில் வெளியே திறக்க வேண்டும். களிமண்ணில் உறிஞ்சு குழி உதவாது.

ஈரமண்
மிக்க நன்றி. 6 மீட்டர் தள்ளித் தாழ்வான ஓடை இருக்கிறது, குழாயை அங்கே விடலாம். சுவரை ஹாலோ பிளாக்கில் கட்டலாமா?

நான்குமூலை
கட்டலாம். உயரத்தை மேடேற்றிய உள்மண்ணிலிருந்து அளக்க வேண்டும், பலரும் தவறுவது இங்கேதான். உள்மண்ணுக்கு மேல் 45 செ.மீ., கீழே 30 செ.மீ. கம்பி வலை வேண்டாம். வெளியே தெரிந்தால் ஆமை முட்டிக்கொண்டே இருக்கும். மூலைகளில்தான் ஏறும், எனவே அங்கே மேலே முக்கோணப் பலகை வைத்து மூடுங்கள்.

தாழ்ந்த பக்கச் சுவர் மண்ணையும் நீரையும் தாங்குகிறது. சீவிய களிமண் மட்டத்தில் மீட்டருக்கு ஒன்றாக 25 மி.மீ. குழாய்த் துண்டு பதியுங்கள். உள்முனையில் துணி சுற்றிய ஒரு கை ஜல்லி இருக்கட்டும். இது இல்லாவிட்டால் வாட்டம் கொடுத்ததெல்லாம் வீண், தண்ணீர் சுவரில் முட்டி நின்றுவிடும்.

ஆமை சுவரை ஒட்டியே சுற்றிச்சுற்றி நடக்கும். சில வாரங்களில் அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம் பள்ளமாகி வாய்க்காலாக மாறும். சுவரோரம் சுற்றிலும் 30 செ.மீ. அகலத்துக்குச் சொரசொரப்பான தட்டைக்கல் பதித்தால் அது வராது, நகமும் தேயும்.

கூரைத் தண்ணீரையும் பாருங்கள். 10 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை என்றால் 500 லிட்டர். அது அடைப்பில் விழக்கூடாது.

ஓட்டுவீடு
உறைவிடத்தின் தளம் மண்ணிலிருந்து 10 செ.மீ. உயரட்டும், ஏறச் சரிவுப் பலகை வையுங்கள். வாசல் முன்னால் நடமாட்டத்தால் முதலில் சேறாகும், அங்கேயும் கல். தண்ணீர்த் தட்டைக் கீழ்ப்புறம், வடிகாலை ஒட்டி வையுங்கள், தினமும் அதைத்தான் சிந்தவைக்கும். ஆழம், நிற்கும் ஆமையின் தாடையைத் தாண்டக்கூடாது. ஆமை கவிழ்ந்தால் அந்த ஆழத்திலும் மூழ்கும் ஆபத்து உண்டு, தட்டின் ஓரம் சரிவாக இருக்கட்டும். உணவைக் கல்மேல் வையுங்கள், மணல் வயிற்றுக்குள் போனால் குடல் அடைக்கும்.

ஆமையை விடுவதற்கு முன் மேட்டுப்பக்கம் ஹோஸ் வைத்து அரைமணி நேரம் தண்ணீர் விடுங்கள். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துக் குதிகாலால் அழுத்திக்கொண்டே நடந்து பாருங்கள். கால் தடத்தில் நீர் ஊறி நிற்கும் இடத்தில் மண்ணை எடுத்து மறுபடி நிரப்புங்கள். தாழ்ந்த சுவரோரம் மட்டும் ஊறினால் பதித்த குழாய்த் துண்டில் அடைப்பு, அதை மட்டும் கம்பி விட்டு எடுத்தால் போதும்.