இருட்டுக்குள்ள உக்காந்திருக்கிற அந்த மான்ஸ்டர் யாரு? (ஆர்டர் ஆஃப் த ஸ்டிக், ஸ்பாய்லர் உண்டு)

செந்தூல்_காரன்:

வணக்கம் எல்லாருக்கும். நான் ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்ங்கிற இங்கிலீஷ் இணைய காமிக்ஸை படிக்க ஆரம்பிச்சு மூணு மாசம்தான் ஆகுது. வேலைக்கு போறப்ப வர்றப்ப எல்ஆர்டில நின்னுக்கிட்டே படிச்சு இப்பத்தான் புது ஸ்ட்ரிப் வரைக்கும் வந்து சேர்ந்தேன். 2003ல ஆரம்பிச்ச கதை, 1,300 ஸ்ட்ரிப்புக்கு மேல போயிருச்சு. குச்சி மனுசங்க படம்தானேன்னு சாதாரணமா ஆரம்பிச்சது, இப்ப ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வராம இதையேதான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.

கேள்வி இதுதான். கதையோட வில்லன், எலும்புக்கூடு மந்திரவாதி சைக்கான், அவன் கூட்டத்துல எப்பவும் இருட்டுலயே இருக்கானே அந்த மான்ஸ்டர், அவன் என்ன வகை ஜந்து? நமக்கு காட்டுறது ரெண்டு மஞ்சக் கண்ணு மட்டும்தான், மத்தபடி சுத்தி கறுப்பு. பெட்டிக்குள்ள வச்சி தூக்கிட்டு போறாங்க, இல்லாட்டி குடைய பிடிச்சிக்கிட்டு நிக்கிறான். சரியான நேரம் பாத்து வெளிய காட்டி எல்லாரையும் மிரட்டணும்னு சைக்கான் ஆரம்பத்துல இருந்து சொல்லிக்கிட்டே இருக்கான், அந்த நேரம் வரவே மாட்டேங்குது.

ஆனா அவன் பலம் சாதாரணமானது இல்ல. மீக்கோன்னு ஒரு பாலடின், அதாவது சாமிக்காக சண்டை போடுற வீராங்கனை, அவங்கள லேசா ஒரு தட்டு தட்டுறான், அந்தம்மா குதிரையோட சேந்து சுவரை உடைச்சிக்கிட்டு வெளிய போய் விழறாங்க. அப்புறம் ஓ-சூல்ங்கிற இன்னொரு பாலடினும் ஹீரோ கூட்டத்து மந்திரவாதி வார்சூவியசும் சைக்கான் கையில சாகப்போற நேரத்துல இவன் கண்ணை மூடி அவங்க தப்பிக்கணும்னு நெனக்கிறான், அவ்வளவுதான், ரெண்டு பேரும் ரொம்ப தூரத்துல இருக்கிற அவங்க ஆளுங்ககிட்ட போய் சேந்துடறாங்க. மந்திரம் சொல்லல, கையை ஆட்டல, ஒன்னும் இல்ல.

என் தியரி என்னன்னா அவன் ஸ்னார்லோட ஒரு துண்டு. சாமிங்க நாலு கூட்டமா சேந்து நூல் நூலா உலகத்தை செய்யறப்ப சண்டை வந்து நூலெல்லாம் சிக்கு பிடிச்சி அதுல பொறந்ததுதானே ஸ்னார்ல். அந்த சிக்குல இருந்து ஒரு சின்ன முடிச்சு கழண்டு விழுந்திருந்தா? தனக்கு எவ்வளவு பலம்னு அவனுக்கே தெரியாம இருக்கிறதுக்கு வேற என்ன காரணம் இருக்க முடியும்? சீனியருங்க யாராச்சும் சொல்லுங்க.

இருபதுபக்க_தாயம்:

தம்பி, மொதல்ல வரவேற்கிறேன். நான் 2006ல இருந்து படிக்கிறேன், பிரிக்பீல்ட்ஸ்ல எங்க டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விளையாட்டு குரூப்புக்கு பத்து வருசமா நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துறவன். இந்த கதையும் அந்த விளையாட்டு ரூல்லதான் நடக்குது, அதனால ரூல் பக்கத்துல இருந்து சொல்றேன்.

ஸ்னார்ல் தியரி ஒத்து வராது. ஸ்னார்ல் முழுக்க கோவம், கிழக்கு சாமிங்க ஒரு கூட்டத்தையே கொன்னு போட்ட கோவம். அதுல இருந்து ஒரு துண்டு விழுந்தா அந்த துண்டும் கோவமாத்தான் இருக்கும். இவனுக்கு கோவமே வர மாட்டேங்குதே, சாப்பாடு வேணும், கூட வெளாட ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான் இவன் ஆசை.

புதுசா படிக்கிறவங்க முக்காவாசி பேரு டராஸ்க்னு சொல்லுவாங்க, அந்த விளையாட்டுல வர்ற ஒரு ராட்சச ஜந்து. அதுவும் இல்ல. டி அண்ட் டியோட 3.5 பதிப்பு ரூல்ல டராஸ்க் 50 அடி உயரம், மூக்குல இருந்து வால் வரைக்கும் 70 அடி நீளம், 130 டன் எடை. அதை எந்த பெட்டில அடைப்பீங்க, எந்த குடைக்குள்ள நிறுத்துவீங்க? தவிர டராஸ்க் யாரையும் எங்கயும் அனுப்பி வைக்காது, கடிக்கும், முழுங்கும்.

என் ஓட்டு சோடாருக்கு. 2003ல வந்த ஃபீன்ட் ஃபோலியோங்கிற டி அண்ட் டி ஜந்து புக்குல இருக்கு. மனுச அளவுதான், ஆனா பலம் பயங்கரம், வருசத்துக்கு ஒரு தடவை விஷ், அதாவது நெனச்சதை நடத்துற மந்திரம், அது மாதிரி ஒரு சக்தி அதுக்கு உண்டு. அந்த தப்பிக்கிற சீனை இப்ப திரும்ப படிச்சி பாருங்க. நெனச்ச உடனே நடந்துச்சே, அது டெலிபோர்ட் மந்திரம் மாதிரி இல்ல, விஷ் மாதிரி இருக்கு. நீங்க சொன்ன அந்த தட்டும் சரியா பொருந்துது. மீக்கோ சாதாரண ஆளு இல்ல, நல்ல லெவல் பாலடின். அவங்கள குதிரையோட தூக்கி எறியிற அளவுக்கு பலம் இருந்து, பெட்டிக்குள்ள அடங்குற சைஸ்லயும் இருக்கணும்னா, புக்கு புக்கா தேடினாலும் லிஸ்ட்ல ரொம்ப மிஞ்சாது லா.

செந்தூல்_காரன்:

அண்ணே, சோடார் படம் தேடி பாத்தேன். கல்லு மாதிரி கறுப்பு ஓட்டோட ஒரு உருவம். ஆனா நம்ம ஆளு எப்ப பாத்தாலும் பசி பசின்னுதானே இருக்கான்? கல்லுக்கு எதுக்குண்ணே பசி?

இருபதுபக்க_தாயம்:

அந்த இடத்துலதான் நானும் மாட்டிக்கிட்டு நிக்கிறேன், ஒத்துக்கிறேன். பலத்துக்கு பதில் இருக்கு, விஷ்ஷுக்கு பதில் இருக்கு, பசிக்கு மட்டும் பதில் இல்ல. இன்னும் ரெண்டு மூணு புக்கு பாக்க வேண்டி இருக்கு.

பாகான்_அம்மா:

பேசிக்கிட்டு இருக்கிறதுக்கு நடுவுல வர்றேன், மன்னிச்சிக்குங்க. எனக்கு ரூல் எல்லாம் தெரியாது. என் பையனுக்கு எட்டு வயசு, தமிழ்ப்பள்ளில ரெண்டாம் ஆண்டு. அவன் இன்னும் இங்கிலீஷ் வேகமா படிக்க மாட்டான், அதனால ராத்திரி சாப்பிட்டதும் நான் ஒவ்வொரு கட்டமா தமிழ்ல சொல்லி சொல்லித்தான் காட்டுறேன், கத்தி வெட்டு ஜாஸ்தி வர்ற இடத்தை தாண்டி போயிருவேன்.

அப்படி சொல்றப்ப எனக்கு ரெண்டு இடத்துல பிரச்சினை வந்துச்சு. வார்சூவியஸ் ஆணா பொண்ணான்னு கதையில சொல்லவே மாட்டாங்க, இவ்வளவு வருசமா எல்லாரும் சண்டை போடுறாங்க, ஆனா நமக்கு அது ரொம்ப சுலபம், அவங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சிருச்சு, மரியாதையும் வந்துருது, ரகசியமும் வெளிய வராது. என் பையன் இதுவரைக்கும் அதை கேக்கவே இல்ல.

மான்ஸ்டர்கிட்டதான் மாட்டினேன். நான் ஆரம்பத்துல 'அது'ன்னுதான் சொல்லிக்கிட்டு வந்தேன், அது வந்துச்சு, அது பசிக்குதுன்னு சொல்லிச்சு, இப்படி. ஓ-சூலை கூண்டுல அடைச்சி வச்சிருப்பாங்கல்ல, சைக்கானோட கூட்டாளி, கோப்ளின் இனத்து பூசாரி ரெட்குளோக் மாசக்கணக்கா சித்திரவதை பண்ணிக்கிட்டு இருப்பான், அவருக்கு நெசமாவே தெரியாத ஒரு விசயத்தை கேட்டு. அந்த நேரத்துல மான்ஸ்டர் மட்டும் அவர் கிட்ட வந்து பேசிக்கிட்டு இருக்கும். அந்த இடத்துல என் பையன் கையை வச்சி ஃபோனை மறைச்சிட்டான். "ஏம்மா அதுன்னு சொல்றீங்க, அவன் சின்ன பையன்மா, அவனுக்கு ஃபிரண்டு வேற யாரும் இல்ல"ன்னான். அன்னையில இருந்து நான் 'அவன்'னுதான் சொல்றேன். இப்ப இங்க வந்து பாத்தா நீங்க எல்லாரும் கேக்காமலேயே அவன்னுதான் எழுதியிருக்கீங்க, கவனிச்சீங்களா?

அதனால என் யோசனை, அவன் என்ன ஜந்துன்னு பாக்குறதை விட என்ன வயசுன்னு பாருங்க. பேச்சு குழந்தை பேச்சு, பலம் தெரியாம தட்டுறது குழந்தை தட்டுறது, எந்நேரமும் பசி. வளர்ற புள்ளைக்குத்தான் அப்படி பசிக்கும். பெரிய ஏதோ ஒன்னோட குட்டி அவன், அப்பாம்மா எங்கயோ இருக்காங்கன்னு நான் நெனக்கிறேன்.

இருபதுபக்க_தாயம்:

அக்கா, இத்தனை வருசத்துல நான் ஒரு தடவை கூட வயசு பக்கம் போய் யோசிச்சதே இல்ல. குட்டின்னு வச்சிக்கிட்டா சைஸ் பிரச்சினை தீந்துருது, பசியும் தீந்துருது. அப்ப நான் மனுச அளவுல இருக்கிற ஜந்துவை தேடுறதே தப்பு, ரொம்ப பெருசா வளரக்கூடிய ஒன்னை தேடணும், விஷ் சக்தியும் இருக்கணும். இன்னைக்கு ராத்திரி ரொம்ப பலசாலி ஜந்துங்க இருக்கிற எபிக் லெவல் புக்கை எடுக்கிறேன்.

நாலு_வார்த்தை:

எல்லாரும் ஜந்து புக்கை புரட்டுறீங்க, நான் ஆசிரியர் எழுதுற விதத்தை பாக்கிறேன். ரிச் பர்லூ எதையுமே சும்மா போட மாட்டார், ஆனா நாம நெனக்கிற வழியிலயும் முடிக்க மாட்டார். கதையில வர்ற ஜோசியக்காரர் ஆரக்கிள் சொன்ன ஜோசியங்களை எடுத்துக்குங்க.

வார்சூவியசுக்கு என்ன சொன்னாரு? சரியான ஆளுகிட்ட சரியான நேரத்துல சரியான நாலு வார்த்தையை தப்பான காரணத்துக்காக சொல்லி பெரிய சக்தி கெடைக்கும்னு. நாங்க அப்ப உக்காந்து என்னென்னவோ நாலு வார்த்தை மந்திரமெல்லாம் யோசிச்சோம். கடைசியில வந்தது ஜெயிச்சே ஆகணும்னு ஒரு சின்ன வாக்கியம், மூணு வார்த்தைதான், தயங்கினதுல மொத வார்த்தை ரெண்டு தடவை வந்து நாலாச்சு! அந்த திக்கலுக்குள்ள அவங்க பயம், கர்வம் எல்லாம் இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த சக்தியை வச்சி ஒரு டிராகனோட வம்சத்தையே கொன்னாங்களே, அதுல டிராகன் ரத்தம் கலந்த மனுசங்களும் செத்துப் போனாங்கன்னு பின்னாடி தெரிய வந்தப்ப நான் ரெண்டு நாளு சரியா சாப்பிடல.

ஹீரோ கூட்டத்து பூசாரி டர்கானுக்கு செத்ததுக்கு அப்புறம்தான் ஊருக்கு திரும்புவன்னு சொன்னாரு. கேட்டவரு பொணமாவாச்சும் சொந்த மண்ணுக்கு போவோமேன்னு சந்தோசப்பட்டாரு, ஆனா வேம்பயரா மாறி போனாரு. அதே கூட்டத்துல இருக்கிற பெல்கார் அஞ்சு பேரை சொல்லி இதுல ஒருத்தரையாவது நான் சாகடிப்பேனான்னு கேட்டான், ஆமான்னாரு, அந்த அஞ்சுல ஒன்னு ஆரக்கிளே. கடைசியில அவரையே குத்தினான். சொன்ன சொல்லு மாறாது, அர்த்தம்தான் மாறும்.

அதனால மான்ஸ்டர் விசயத்திலயும் சைக்கான் சொன்ன சொல்லு நடக்கும். சரியான நேரத்துல இருட்டுல இருந்து வெளிய வருவான், எல்லாரும் மிரளுவாங்க. மிரளப்போறது சைக்கான்தான்.

பெல்கார் இந்த வருசம் முடியறதுக்குள்ள கடைசி மூச்சு விடுவான்னு சொல்லியிருக்கே, அதை பத்தி தனியா ஒரு திரி போடலாம், இங்க வேணாம். எனக்கு அவனை ரொம்ப புடிக்கும், பேசினா பேசிக்கிட்டே இருப்பேன்.

குளுகோர்_வாசி:

நான் வழக்கமா படிச்சிட்டு மட்டும் போவேன், எழுத மாட்டேன். ஆனா பாகான் அக்கா ரெட்குளோக் சித்திரவதை பத்தி சொன்னதால எழுதறேன். அவன் செஞ்சது தப்பு, ஓ-சூலுக்கு செஞ்சதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா அவன் கதையை தெரிஞ்சிக்காம மான்ஸ்டர் கதை புரியாதுன்னு நெனக்கிறேன்.

2007ல வந்த ஸ்டார்ட் ஆஃப் டார்க்னஸ்னு ஒரு புக்கு இருக்கு, இணையத்துல வராத பழைய கதை, சைக்கானும் ரெட்குளோக்கும் எப்படி இப்படி ஆனாங்கன்னு. ரெட்குளோக் அப்ப சின்ன கோப்ளின் பையன். பாலடினுங்க, நல்லவங்கன்னு நாம நெனக்கிற அதே கூட்டம், அவன் கிராமத்துக்குள்ள வந்து வெட்டறாங்க. குடும்பம் போச்சு, மிஞ்சினது ஒரு தம்பி. செத்துக்கிட்டு இருந்தவர் போட்டிருந்த செவப்பு போர்வையை எடுத்து போத்திக்கிறான். அந்த போர்வை போத்தினவனுக்கு வயசு ஏறாது. தம்பிக்கு கல்யாணம் ஆகுது, புள்ளைங்க பொறக்குது, தலை நரைக்குது, அண்ணன் மட்டும் போர்வை எடுத்த அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கான். அந்த பக்கத்துல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க, யாரு அண்ணன்னு படத்தை பாத்து சொல்ல முடியாது.

2009ல இங்க குளுகோர்ல புவா பாலா கம்பத்தை, அதாவது எங்க பாட்டி இருந்த கிராமத்தை, இடிச்சப்ப நான் படிவம் இரண்டு. எங்க பாட்டி அங்க மாடு வச்சிருந்தாங்க. யாரும் யாரையும் வெட்டல, அதுவும் இதுவும் ஒன்னுன்னு நான் சொல்ல வரல. ஆனா மாட்டை லோரில ஏத்தினப்ப பாட்டி தொழுவத்துல கெடந்த கயிறை மட்டும் எடுத்து சுருட்டி கைப்பையில வச்சிக்கிட்டாங்க, மாடு இல்லாத வீட்டுக்கு கயிறு எதுக்குன்னு யாரும் கேக்கல. அந்த கயிறு அவங்க சாகுற வரைக்கும் அலமாரில இருந்துச்சு. ரெட்குளோக் அந்த போர்வையை கழட்டாம இருக்கிறதை நான் படிச்சப்ப எனக்கு அந்த கயிறுதான் ஞாபகம் வந்துச்சு.

டர்கான் அவன்கிட்ட சமாதானம் பேச வர்றாரு, அவனோட சாமியும் சேந்தாத்தான் ஸ்னார்லை அடக்க முடியும்னு சொல்றாரு, அவன் ஒத்துக்க மாட்டான். நெறைய பேரு அவனை முட்டாள்னு திட்டினாங்க, என்னால திட்ட முடியல. ஆனா எனக்கு ஒரு கோவம் இருக்கு அவன் மேல. தன் இனத்தை மனுசங்க ஒரு உயிரா மதிக்கலன்னு வாழ்க்கை பூரா எரியிறவன், பக்கத்துலயே ஒரு புள்ளை இருட்டுல உக்காந்திருக்கு, அதை ஒரு ஆயுதம்னு தவிர வேற எப்பவாச்சும் பாத்தானா? ஓ-சூல் கூண்டுக்குள்ள இருந்துக்கிட்டே பாத்தாரு.

செந்தூல்_காரன்:

அண்ணே, இதை நான் மாஸ்ஜித் ஜாமெக் ஸ்டேசன்ல நின்னு படிச்சேன், ஏற வேண்டிய ரயிலை விட்டுட்டேன்.

என் ஸ்னார்ல் தியரியை வாபஸ் வாங்கிக்கிறேன். இன்னைக்கு வீட்டுக்கு போய் மீக்கோ சீன்ல இருந்து திரும்ப படிக்கப் போறேன், இந்த தடவை அவன் யாருகிட்ட என்ன கேக்குறான், அதுக்கு அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு மட்டும் குறிச்சிக்கிட்டே.

பாகான்_அம்மா:

குளுகோர் தம்பி, பாட்டியை பத்தி எழுதினதுக்கு நன்றிப்பா. அந்த புக்கு பினாங்குல எங்க கெடைக்கும்? கடையில நான் பாத்ததே இல்ல.

குளுகோர்_வாசி:

கடையில கெடைக்காதுக்கா. 2012ல ரிச் பர்லூ பழைய புக்கை திரும்ப அச்சடிக்க 57,750 டாலர் வேணும்னு கிக்ஸ்டார்ட்டர்ங்கிற நிதி திரட்டுற இணையத்தளத்துல கேட்டாரு, 12 லட்சத்து 54 ஆயிரம் டாலர் சேந்துச்சு. அதுக்கப்புறம் வந்த அச்சுல ஒன்னு என்கிட்ட இருக்கு, ரெண்டாவது கையா வாங்கினது. சனிக்கிழமை பெர்ரில இந்த பக்கம் வந்தா சொல்லுங்க, ஜெட்டில கொண்டு வந்து குடுத்துடறேன், மெதுவா படிச்சிட்டு தாங்க.

ஆனா பையனுக்கு காட்டறதுக்கு முன்னாடி நீங்க தனியா ஒரு தடவை முழுசா படிச்சிருங்க. கடைசில அண்ணனும் தம்பியும் சந்திக்கிற சீன் ஒன்னு வரும். அதை அவனுக்கு எப்படி சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க.